மில்லிகிராமுக்கும் கணக்கு உண்டு

வாசகர் கேள்வி-பதில்: சைக்கடெலிக் பொருள்களும் போதைப்பொருள் சட்டமும்

எல்எஸ்டி, சைலோசைபின் (சில காளான்களில் இருப்பது), மெஸ்கலின், டிஎம்டி, கீட்டமின் போன்ற, புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும் பொருள்களைப் பற்றி ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்த கேள்விகளில் எட்டை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மருந்தியல் துறையிலும் போதைப்பொருள் சட்டத்திலும் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

"இந்தியாவில் சைலோசைபின் ஆராய்ச்சிக்குச் சட்டத்திலேயே இடமில்லை, வேறு தலைப்பு எடு" என்கிறார் என் நெறியாளர். அது சரியா?
*— மருந்தியல் முனைவர் பட்ட மாணவி, மதுரை*

சரியில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை எல்லாரும் என்டிபிஎஸ் என்றுதான் சொல்கிறோம். அதன் 8-ஆம் பிரிவு தயாரிப்பது, வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டுபோவது, பயன்படுத்துவது, இறக்குமதி செய்வது எல்லாவற்றையும் தடுக்கிறது. பெரும்பாலானோர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கியம் "மருத்துவ அல்லது அறிவியல் நோக்கத்துக்காக, சட்டமும் விதிகளும் சொல்லும் முறையிலும் அளவிலும் தவிர" என்று தொடர்கிறது. உங்கள் ஆய்வு நிற்க வேண்டிய இடம் அந்த விலக்குதான்.

அந்த "முறை" என்ன என்பது 1985-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. விதிகளின் முதல் அட்டவணையில் சைலோசைபின், எல்எஸ்டி, மெஸ்கலின் எல்லாம் உண்டு. 64-ஆம் விதி அவற்றைத் தொடவே கூடாது என்கிறது. ஆனால் அத்தியாயம் ஏழு-ஏ அதற்கு விலக்குத் தருகிறது. அதிலுள்ள 67-ஏ விதியின்படி, மற்ற விதிகள் என்ன சொன்னாலும், அரசு ஆய்வகத்தின் அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியல் தேவைக்கு இவற்றைப் பயன்படுத்தலாம். பகுப்பாய்வுத் தேவையும் அதில் அடங்கும். கூடவே ஒரு கடமையும் வருகிறது: வாங்கியதையும் பயன்படுத்தியதையும் படிவம் 7-ல் பதிந்து, பயன்படுத்தி முடித்த பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்தப் பதிவைக் காக்க வேண்டும்.

இது இந்தியா தனியாக யோசித்து எழுதியது அல்ல. 1971-இல் வியன்னாவில் கையெழுத்தான ஐ.நா. மனமயக்கப் பொருள் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவே, முதல் அட்டவணைப் பொருள்களை அறிவியல் நோக்கத்துக்கும் மிகக் குறுகிய மருத்துவ நோக்கத்துக்கும் மட்டும், அரசு நடத்தும் அல்லது அரசு தனியாக ஒப்புதல் தந்த நிறுவனங்களில், உரிய அதிகாரம் பெற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. உடன்படிக்கை 1976 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. பல நாடுகளின் சட்டத்தில் இந்த வரியின் சாயல் தெரியும்.

ஆகவே நெறியாளரிடம் 8-ஆம் பிரிவையும் 67-ஏ விதியையும் அச்செடுத்துக் கொடுங்கள். சட்டம் கேட்பது நேரமும் கணக்கும். அவை இரண்டும் உங்கள் துறையில் இருக்கின்றனவா என்பதுதான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. மூன்று ஆண்டு உதவித்தொகையில் இருக்கும் மாணவி, அனுமதிக்கான காலத்தையும் சேர்த்துத் திட்டம் போடவில்லை என்றால் முதல் எலிக்கு ஊசி போடும் முன்பே உதவித்தொகை முடிந்துவிடும்.

சுண்டெலிகளில் சைலோசைபின் கொடுத்து நடத்தை மாற்றத்தைப் பார்க்கத் திட்டம். எவ்வளவு கேட்பது, எந்த வரிசையில் போவது? வழக்கமாக எங்கே இடறுகிறது?
*— உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்*

அளவிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கிலோவுக்கு 0.3, 1, 3 மில்லிகிராம் என மூன்று அளவு, ஒவ்வோர் அளவுக்கும் பத்து எலி, மருந்தில்லாமல் உப்பு நீர் மட்டும் கொடுக்கும் குழு ஒன்று. எலியின் எடை 25 கிராம். மூன்று அளவையும் கூட்டினால் கிலோவுக்கு 4.3 மி.கி. அதை 0.025 கிலோவாலும் பத்து எலியாலும் பெருக்கினால் 1.075 மி.கி. ஆக, முழு ஆய்விலும் எலிகளுக்குள் போகப்போவது ஒரு மில்லிகிராம் சொச்சம்.

அதற்காக ஒரு மில்லிகிராம் கேட்டால் ஆய்வு நடக்காது. கரைசலை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரைக்க வேண்டும். 0.01 மி.கி. வரை காட்டும் தராசில்கூட ஒரு தடவைக்கு 2 மி.கி.யாவது எடுத்தால்தான் எடைப்பிழை கட்டுக்குள் நிற்கும். ஐந்து நாள் சோதனைக்கு 10, முன்னோட்டச் சோதனைக்கு 4, தூய்மையும் கரைசல் நிலைப்பும் பார்க்க 2, புட்டியிலும் ஊசியிலும் தங்கிப் போவதற்கு ஒரு சிறு பங்கு. 20 மி.கி. நியாயமான கோரிக்கை. இந்தக் கணக்கை அப்படியே ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். விதி 66 ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சொல்வது "நியாயமான அளவு" என்றுதான். எது நியாயம் என்று காட்டுவது உங்கள் வேலை. "100 மி.கி., ஆராய்ச்சிக்கு" என்று ஒற்றை வரி எழுதினால் கேள்விகள் திரும்பி வரும், மாதங்கள் போகும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 20 மி.கி. வாங்குகிறீர்கள், ஒரு மில்லிகிராம்தான் விலங்குக்குள் போகிறது. மீதி 19 எங்கே போயிற்று என்பதுதான் சோதனைக்கு வரும் அதிகாரியின் முதல் கேள்வியாக இருக்கும். பதில் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

வரிசை இப்படி. முதலில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல். பிறகு விற்பனையாளரிடமிருந்து விலைப்பட்டியல். அதில் பொருளின் பெயர், வடிவம், தூய்மை, புட்டிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தெளிவாக இருக்கட்டும். மூன்றாவதாக, குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் துறையின் ஆணையரிடம் இறக்குமதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம். ஆய்வுத் திட்டம், அளவுக் கணக்கு, நெறிமுறைக் குழுக் கடிதம், பூட்டி வைக்கும் இடத்தின் விவரம், பொறுப்பாளர் யார் என்று சொல்லும் நிறுவனத் தலைவரின் கடிதம் எல்லாம் ஒரே கட்டாகப் போகட்டும். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் விற்பனையாளர் தன் நாட்டில் ஏற்றுமதி அனுமதி கேட்க முடியும். அதுவும் கிடைத்த பிறகுதான் பொருள் கிளம்பும்.

இடறும் இடங்களைச் சொல்கிறோம்.

உப்பா, காரமா என்ற குழப்பம்தான் முதலில். மூலக்கூறு தனியாக இருந்தால் காரம், அமிலத்தோடு சேர்ந்திருந்தால் உப்பு. சர்வதேசக் கணக்கு தூய காரத்தின் எடையில் போகிறது. புட்டியின் மேலோ உப்பின் எடை இருக்கும். மெஸ்கலின் ஹைட்ரோகுளோரைடு 100 மி.கி. என்பது காரமாகச் சுமார் 85 மி.கி. ஒரு தாளில் 100, இன்னொரு தாளில் 85 என்று இருந்தால் சுங்கத்தில் பெட்டி நின்றுவிடும். இரண்டு எண்ணையும் எல்லாத் தாளிலும் எழுதச் சொல்லுங்கள். சைலோசைபின் பெரும்பாலும் உப்பாக வராததால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

அடுத்தது காலாவதி. சான்றிதழில் எந்தத் தேதிக்குள் சரக்கு வர வேண்டும் என்று இருக்கும். அந்த நாட்டு ஏற்றுமதி அனுமதி தாமதமானால் நம் சான்றிதழ் காலாவதியாகி, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. சான்றிதழ் கிடைத்த அன்றே அதன் படியை விற்பனையாளருக்கு அனுப்புங்கள். வாரம் ஒரு முறை நிலவரம் கேளுங்கள்.

பெறுபவர் பெயரும் அப்படித்தான். "துறைத் தலைவர்" என்று ஒரு தாளிலும் ஆளின் பெயர் இன்னொன்றிலும் இருந்தால் சிக்கல். அஞ்சல் பெட்டி எண்ணுக்கு இத்தகைய சரக்கை அனுப்புவதை உடன்படிக்கையே தடுக்கிறது. ஒரு சான்றிதழ் ஒரு சரக்குக்குத்தான், 20 மி.கி.யை இரண்டு தவணையாக அனுப்பச் சொன்னால் இரண்டாவது தவணைக்கு அனுமதி இல்லை.

இனி பதிவேடு. தைத்த நோட்டு, பக்க எண் அச்சிட்டது. ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்: தேதி, நேரம், புட்டி எண், எடுப்பதற்கு முன் புட்டியோடு எடை, எடுத்த பின் எடை, வேறுபாடு, எந்தச் சோதனைக்கு, எடுத்தவர் கையெழுத்து, உடனிருந்தவர் கையெழுத்து. மீந்த கரைசலுக்குத் தனி வரி. புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு எடை போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்து எடை கூடும், அடுத்த நாள் அதே புட்டி 3 மி.கி. குறைந்திருப்பதாகக் காட்டும். ஒன்றும் திருடு போகாமலே திருட்டுக் கணக்கு விழுவது இப்படித்தான். அரை மணி நேரம் ஈரமுறிஞ்சி ஜாடியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு தராசில் வையுங்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை கூடவே கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் 26-ஆம் பிரிவு. அனுமதி பெற்றவரோ அவரிடம் வேலை செய்பவரோ காரணமின்றிக் கணக்கு வைக்கத் தவறினாலோ, பொய்க் கணக்கு எழுதினாலோ, நிபந்தனையை அறிந்தே மீறினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் மாணவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

பகுப்பாய்வுக்கு எல்எஸ்டி திட்டக் கரைசல் (ஒப்பிட்டு அளக்க உதவும், செறிவு தெரிந்த கரைசல்) வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ஆம்பூல், அதில் ஒரு மில்லிகிராம். "சிறிய அளவுக்கும் பாதிதானே, இதற்கு எதற்கு அனுமதி" என்கிறார் கொள்முதல் அலுவலர்.
*— தனியார் பரிசோதனைக்கூட வேதியியலாளர், சென்னை*

அவர் இரண்டு இடத்தில் தவறுகிறார். முதலாவது, "சிறிய அளவு" என்பது அனுமதி வேண்டாத அளவு அல்ல. தண்டனையை முடிவு செய்யும் அளவு மட்டுமே. 22-ஆம் பிரிவின்படி சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடுத்தர அளவுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்றால் பத்து முதல் இருபது ஆண்டு, அபராதம் ஒன்று முதல் இரண்டு லட்சம். ஜாமீனுக்கு 37-ஆம் பிரிவின் கடும் நிபந்தனைகள்.

இரண்டாவதுதான் வயிற்றில் புளியைக் கரைப்பது. 2001 அக்டோபர் 19 அறிவிக்கையின்படி எல்எஸ்டிக்குச் சிறிய அளவு 0.002 கிராம், வணிக அளவு 0.1 கிராம். 2009 நவம்பர் 18-இல் சேர்த்த குறிப்பு, இந்த அளவுகள் தூய மருந்துக்கு மட்டுமல்ல, கலவைக்கும் கரைசலுக்கும் முழுமையாகப் பொருந்தும் என்கிறது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மருந்தோடு கலந்திருக்கும், போதை தராத நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது உங்கள் ஆம்பூலை எடுங்கள். கரைப்பான் அசிட்டோநைட்ரைல் என்றால் ஒரு மில்லிலிட்டரின் எடை சுமார் 0.78 கிராம். உள்ளே இருக்கும் எல்எஸ்டி ஒரு மில்லிகிராம்தான். கரைசலாக எடை போட்டால் வணிக அளவைப் போல் ஏழு எட்டு மடங்கு. நீர்த்த ஆம்பூல் வாங்கினாலும் பயனில்லை. எல்எஸ்டி பத்தில் ஒரு பங்காகும், கரைப்பானின் எடை அப்படியே இருக்கும். எல்எஸ்டி தோய்த்த காகிதத்தின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னதும் இதே தர்க்கம்.

அனுமதியோடும் கணக்கோடும் அறிவியல் தேவைக்கு வைத்திருப்பது குற்றமே அல்ல; எனவே இந்த எடைப் பேச்சு உங்களைத் தொடாது. அனுமதியில்லாத ஆம்பூல் ஒன்று குளிர்பெட்டியின் மூலையில் கிடந்தால் தொடும். பழைய ஊழியர் விட்டுப்போனது, வேறு கூடத்திலிருந்து "கைமாற்றாக" வாங்கியது எல்லாம் இதில் சேரும். 35-ஆம் பிரிவின்படி குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இந்த இடத்தில் சட்டம் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பார்க்காமல் எழுதப்பட்டிருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. அமெரிக்காவில் பகுப்பாய்வுக்கான மிக நீர்த்த தயாரிப்புகளைப் பரிசீலித்து, கட்டுப்பாட்டின் பெரும்பகுதியிலிருந்து விலக்கும் பட்டியல் ஒன்று உண்டு. போதைப்பொருளைக் கண்டுபிடிக்கும் கூடத்துக்கே அதன் மாதிரி கிடைக்கத் தாமதம் என்றால், சந்தையில் புதிதாக என்ன உலவுகிறது என்பது நமக்குத் தாமதமாகத்தான் தெரியும். மில்லிகிராம் அளவுத் திட்டக் கரைசல்களுக்கு இங்கேயும் அப்படி ஒரு பட்டியல் வர வேண்டும்.

கையாள்வதில் ஒன்று: எல்எஸ்டிக்கு ஒளி ஆகாது. பழுப்பு ஆம்பூல், உறைபெட்டி, வேலை செய்யும்போது மஞ்சள் விளக்கு. நீர்க்கக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள குளோரின் எல்எஸ்டியைச் சிதைக்கும். கரைசல் கெட்டுப்போனாலும் பதிவேட்டில் அது இருப்பாகத்தான் நிற்கும்.

கொடைக்கானல் பகுதியில் காளான் வகைப்பாட்டு ஆய்வு செய்கிறோம். சைலோசைபி பேரினக் காளான் கிடைத்தால் உலர்த்தி மாதிரியாக வைக்கலாமா? கேரள நீதிமன்றம் காளான் குற்றமில்லை என்று சொல்லிவிட்டதாமே?
*— தாவரவியல் ஆய்வாளர், திண்டுக்கல்*

அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் சொன்னது, காளானைக் "கலவை" என்று கொள்ள முடியாது, அது இயற்கையாக விளையும் பூஞ்சை என்பது. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்களின் பார்வையும் அதுவே என்று அது எடுத்துக்காட்டியது. அதாவது காளானின் முழு எடையையும் சைலோசைபின் எடையாக எண்ணக் கூடாது. சைலோசைபினுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். உலர்ந்த காளானில் சைலோசைபின் பொதுவாக நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். 200 கிராம் காளானை அப்படியே எடை போட்டால் வணிக அளவு. உள்ளிருக்கும் பொருளைக் கணக்கிட்டால் 2 கிராம் பக்கம். வேறுபாடு ஜாமீனுக்கும் இருபது ஆண்டுச் சிறைக்கும் இடையிலானது. ஆனால் உள்ளே இருக்கும் சைலோசைபின் பட்டியலில் உள்ள பொருள்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை.

கஞ்சா, ஓபியம் பாப்பி, கோகோ மூன்றையும் 8-ஆம் பிரிவு செடியாகவே பெயர் சொல்லித் தடுக்கிறது. காளானை அப்படிப் பெயர் சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது வழக்கறிஞர் வேலை. ஆய்வாளர் அதை நம்பிக் காட்டுக்குப் போக வேண்டாம். வனத்துறை அனுமதியில் பூஞ்சை சேகரிப்பு என்று தெளிவாக இருக்கட்டும். சேகரிப்பு எண், இடம், உயரம், படம் எல்லாம் அன்றே பதிவாகட்டும். ஒரு வகைப்பாட்டு மாதிரிக்கு இரண்டு மூன்று காளான் போதும்; கூடை கூடையாக வேண்டாம். தண்டு நசுங்கிய இடம் நீலமாக மாறினால் சைலோசின் (சைலோசைபினிலிருந்து உண்டாகும் பொருள்) ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று எண்ண இடமுண்டு (வேறு சில காளான்களும் நீலமாகும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்). அப்படிச் சந்தேகம் வந்த அன்றே நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதி, மாதிரியைப் பூட்டில் வைத்து, 67-ஏ விதியின்படியான பதிவைத் தொடங்கிவிடுங்கள். வித்துத்தூளில் சைலோசைபின் இருப்பதில்லை, டிஎன்ஏ வேலைக்கு அது போதும் என்றால் அதோடு நின்றுகொள்ளலாம். அனுமதியில்லாமல் கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

கீட்டமினும் பட்டியலில் இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் விலங்குக் கூடத்தில் தினமும் பயன்படுத்துகிறோமே?
*— ஆய்வக உதவியாளர், திருச்சி*

பயன்படுத்தலாம், ஏனென்றால் அது உரிமம் பெற்ற மருந்து. ஐ.நா. உடன்படிக்கையில் இல்லாத கீட்டமினை இந்தியா 2011-இல் தானாகவே என்டிபிஎஸ் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணைக்கும் கொண்டுபோனது. சிறிய அளவு 10 கிராம், வணிக அளவு 500 கிராம். மயக்க மருந்தாக அது இல்லாமல் கிராமத்து அறுவைக் கூடங்கள் நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது உண்டு.

எக்ஸ் அட்டவணை மருந்து என்றால் விற்பவருக்குத் தனி உரிமம், இரட்டைப் பிரதிச் சீட்டு, பூட்டிய அலமாரி. விலங்குக் கூடத்தில் தவறு நடப்பது பாதி தீர்ந்த புட்டியில். மில்லிலிட்டருக்கு 50 மி.கி. உள்ள 10 மி.லி. புட்டியில் 500 மி.கி. இருக்கும். 250 கிராம் எலிக்கு, கிலோவுக்கு 80 மி.கி. என்ற கணக்கில் சைலசின் என்ற கால்நடை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் 20 மி.கி., அதாவது 0.4 மி.லி. ஒரு புட்டி 25 எலிக்கு வர வேண்டும். நடப்பில் 22, 23-தான் வரும். ஊசியின் கழுத்தில் தங்குவது, இடையில் விழிக்கும் எலிக்கு மறுபடி போடுவது எல்லாம் அந்த இரண்டு மூன்றில் அடக்கம். "25 எலி" என்று அழகாக எழுதாதீர்கள். நடந்ததை, கூடுதல் ஊசியோடு, எலி எண் போட்டு எழுதுங்கள். சரியாக இருபத்தைந்து காட்டும் பதிவேட்டைத்தான் விவரம் தெரிந்தவர் சந்தேகப்படுவார்.

பட்டியலில் பெயர் இல்லாத புதிய சைக்கடெலிக் மூலக்கூறுகளைத் தடையின்றி வாங்கலாமா?
*— வேதியியல் மாணவர், வேலூர்*

இந்தியச் சட்டம் பொருள்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. "இதைப் போன்ற எல்லாமும்" என்ற பொதுவான விதி இல்லை. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் ஒத்த பொருள் சட்டம், மனிதர் உட்கொள்வதற்கு என்றால் பட்டியலில் உள்ளதை ஒத்ததையும், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் அட்டவணைப் பொருளாகவே நடத்தும். பிரிட்டனில் பல குடும்பங்களை மூலக்கூறு வடிவத்தை வைத்தே வளைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் கவனம் தேவை. நம் பட்டியல் உப்புகளையும் தயாரிப்புகளையும் சேர்த்தே பிடிக்கிறது. 3-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை வழியாகவே புதிய பெயரைச் சேர்க்கலாம். ஆர்டர் செய்த நாளில் இல்லாதது பெட்டி வந்து இறங்கும் நாளில் பட்டியலில் இருக்கலாம். இரண்டு நாளிலும் அரசிதழைப் பாருங்கள். செரட்டோனின் 2ஏ ஏற்பி (சைக்கடெலிக் பொருள்கள் மூளையில் சென்று பற்றும் இடம்) ஆய்வில் உலகெங்கும் அன்றாடக் கருவியாக இருக்கும் டிஓஐ-யை முதல் அட்டவணையில் போட அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையான டிஇஏ 2022-இல் முயன்று பின்வாங்கியது. 2023 டிசம்பரில் மறுபடி முன்மொழிந்தது. விஞ்ஞானிகள் எழுந்து நின்று எதிர்த்தார்கள், நியாயமாகவே. கடத்தலில் பெரிதாகக் காணப்படாத ஒரு கருவியைப் பூட்டினால் முதலில் நிற்பது ஆராய்ச்சிதான்.

அமெரிக்காவில் முதுமுனைவர் பணி கிடைத்திருக்கிறது. அங்கே சைலோசைபின் ஆய்வு. அங்கு இதெல்லாம் சுலபமா?
*— ஆய்வாளர், பெங்களூரு*

சுலபம் அல்ல, பழகிய பாதை. முதல் அட்டவணை ஆய்வுக்கு டிஇஏ பதிவு வேண்டும். விண்ணப்பம் படிவம் 225, கூடவே ஆய்வுத் திட்டம். வாங்குவதற்குப் படிவம் 222. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழு இருப்புக் கணக்கு. காணாமல் போனால் ஒரு வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து, பிறகு படிவம் 106. பதிவு உங்கள் பேராசிரியர் பெயரில், குறிப்பிட்ட முகவரிக்கு இருக்கும். நீங்கள் அவருடைய பொறுப்பில் வேலை செய்வீர்கள். பக்கத்து ஊர்க் கூட்டாளிக்கு ஒரு சிட்டிகை கொண்டுபோய்க் கொடுப்பது அங்கேயும் குற்றம்.

2025 ஜூலை 16-இல் கையெழுத்தான, ஃபெண்டனில் வகை வலிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் ஹால்ட் ஃபெண்டனில் சட்டத்தின் ஆய்வுப் பகுதி பாராட்டத்தக்கது. முதல் அல்லது இரண்டாம் அட்டவணைப் பதிவு ஏற்கெனவே உள்ளவர், மத்திய அரசு நிதியிலோ மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதித்த சோதனையாகவோ புதிய ஆய்வு தொடங்கினால், அறிவிப்புக் கொடுத்த 30 நாளில் வேலையைத் தொடங்கலாம். புதிதாகப் பதிவு கேட்பவருக்கு 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்த நாள் கணக்கு, இங்கே சட்டம் திருத்துபவர்கள் படித்துப் பார்க்க வேண்டியது.

என் மகனுக்குப் பல ஆண்டாக மனச்சோர்வு. நான்கு மருந்து மாற்றியும் குணமில்லை. ஆஸ்திரேலியாவில் காளான் மருந்து கொடுக்கிறார்களாம். உறவினர் கொண்டுவந்து தரட்டுமா?
*— ஒரு தாய், ஈரோடு*

அம்மா, தயவுசெய்து வேண்டாம். பெட்டியில் அதை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கும் உறவினர் இறக்குமதிக் குற்றத்தில் மாட்டுவார்; பெற்றுக்கொள்ளும் நீங்களும் மகனும் வழக்கில் சேர்வீர்கள். மருத்துவர் சீட்டு கையில் இருந்தாலும் சைலோசைபினுக்கு இங்கே அது செல்லாது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் எழுதலாம். நோயாளி மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் அதை உட்கொண்டு, முன்னும் பின்னும் பல அமர்வுகள் பேசுகிறார். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட 25 மி.கி. என்பது ஒரே ஒரு வேளை. நாள் முழுக்க ஆள் கூடவே இருப்பார். அந்தக் கவனிப்பு இல்லாமல் மாத்திரையை மட்டும் கொண்டுவருவது அந்தச் சிகிச்சை ஆகாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இந்தியாவில் இதை மனிதரிடம் சோதிக்க 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி சிடி-04 விண்ணப்பம் போட்டு சிடி-06 அனுமதி பெற வேண்டும். யாராவது அப்படி ஒரு சோதனையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னால் அந்த அனுமதி எண்ணையும் நெறிமுறைக் குழு ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள். சோதனையில் சேர நோயாளியிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே சட்டப்படி கிடைக்கும் வழிகள் இருக்கின்றன. நான்கு மருந்தும் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுக்கப்பட்டனவா என்று மருத்துவக் கல்லூரி மனநலத் துறையில் ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெயர், அளவு, எத்தனை வாரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கண்காணிப்பில் தரும் கீட்டமின் சிகிச்சை, மின்னதிர்வு சிகிச்சை இரண்டையும் பற்றிக் கேளுங்கள். மின்னதிர்வு என்றதும் பயப்பட வேண்டாம். இன்று அது மயக்கம் கொடுத்துச் செய்யப்படுவது, கடும் மனச்சோர்வில் நன்றாகப் பலன் தருவது. மகன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்துச் சீட்டுகளையெல்லாம் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.